ஒற்றைப் பனையில் 14 கூடுகள்: பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் எங்கள் தூக்கணாங்குருவிகளும்

போன வருஷம் ஆடி 5-ஆம் தேதி. ராத்திரி முழுக்க மேகாத்து, அதாவது மேற்குக் காற்று. மோட்டார் கொட்டகையின் தகரம் ஒன்று விடாமல் தட்டிக்கொண்டே இருந்ததில் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. விடிந்ததும் தண்ணீர் திருப்பப் போன அப்பா போன வேகத்தில் திரும்பி வந்து, "கூடெல்லாம் உழுந்து கெடக்குது, வந்து பாரு" என்றார். கிணற்று மேட்டிலும் அதை ஒட்டிய நெல் வயலிலுமாக 8 தூக்கணாங்குருவிக் கூடுகள் கிடந்தன. இரண்டில் முட்டைகள் உடைந்திருந்தன. ஒன்றில் கண் திறக்காத குஞ்சுகள் இரண்டு, ஈரத்தில் விறைத்துப்போயிருந்தன. தாய்ப் பறவைகள் கூடுகள் தொங்கிய தென்னையைச் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன, தலைக்கு மேல் இறங்குவதும் ஏறுவதுமாக.

அதே கிணற்று மேட்டில் 20 அடி தள்ளி ஒற்றைப் பனை நிற்கிறது. அதில் 14 கூடுகள். அன்றைக்கு அதில் ஒன்றுகூட விழவில்லை.

ஒரே காற்று, ஒரே மழை, ஒரே குருவிக் கூட்டம், நடுவே வெறும் 20 அடி. இதை அப்படியே விட மனசு வரவில்லை. அந்த ஆடி முடியும்வரை தினமும் காலையிலும் சாயங்காலமும் போய்ப் பார்த்து, நோட்டில் குறித்து, விழுந்த கூடுகளை எடுத்து வந்து திண்ணையில் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். இந்த வருஷமும் பார்த்தேன். அந்த இரண்டு சீசனில் எங்கள் தோட்டத்தில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், இடம் தெரியாமல் இந்தக் குருவியைப் புரிந்துகொள்ள முடியாது. எங்கள் தோட்டம் கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவே இருக்கிறது. ஆட்சி கேரளாவில், பேச்சு தமிழில், சந்தை இரண்டு பக்கமும். மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கே நீலகிரியோடு ஒருமுறை நின்று, தெற்கே ஆனைமலையில் மறுபடி தொடங்குகிறது. நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை இல்லாத வெட்டவெளி, அதுதான் பாலக்காட்டுக் கணவாய். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழைக்கு மலையாளத்தில் சொல்லும் பெயர்) தொடங்கினால் அரபிக்கடல் பக்கமிருந்து வரும் காற்று மலையில் முட்டி மேலே ஏறாமல் இந்த வாசல் வழியாகவே கிழக்கே பாய்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இதே திசைதான். உடுமலை, பல்லடம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதும் இந்தக் காற்றை நம்பித்தான். மார்கழி, தையில் காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து அடிக்கும், ஆனால் அது வறண்ட காற்று, அந்த நேரம் குருவிக்குக் கூட்டு வேலை கிடையாது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரம் கேரளாவின் மற்ற பகுதிகளைப் போல மழை கொட்டும் இடமும் இல்லை. மழை பாதி, காத்து முழுசு என்று எங்கள் ஊரில் சொல்வதுண்டு.

இப்படிப்பட்ட இடத்தில், சரியாக இந்தக் காற்று அடிக்கும் மாசங்களில்தான் தூக்கணாங்குருவி கூடு கட்டுகிறது. கையகல உடம்பு, எடை 25 கிராமுக்கு முன்னே பின்னே. காற்றில்லாத மாசத்தில் கட்டினால் என்ன என்று சின்ன வயதில் எனக்குத் தோன்றியிருக்கிறது. கட்ட முடியாது. கூட்டுக்கு நீளமான பச்சை ஓலைக் கீற்று வேண்டும், அது நெல்லும் புல்லும் ஓங்கி வளர்ந்த பிறகுதான் கிடைக்கும். குஞ்சுக்குப் புழுவும் வெட்டுக்கிளியும் வேண்டும், அதுவும் வயல் பச்சையாக இருக்கும்போதுதான். தானியம் தின்கிற குருவிதான், ஆனாலும் குஞ்சுக்கு முதலில் ஊட்டுவது பூச்சி. இரை எப்போதோ அப்போதுதான் வீடு, வீட்டுக் காலமோ காற்றுக் காலம். தப்பிக்க வழியில்லாததால் காற்றையே கணக்கில் சேர்த்துக் கட்டப் பழகிய பறவை இது.

எங்கள் கிணற்று மேட்டில் அப்பாரு காலத்துப் பனைகள் நாலு இருந்தன. அவற்றில் மூன்றை முந்தின கோடையில் செங்கல் சூளைக்கு விறகாக விற்றுவிட்டோம். எங்கள் பக்கம் நிறையத் தோட்டங்களில் இதுதான் நடக்கிறது. பனையை வெட்டிவிட்டுத் தென்னை வைக்கிறார்கள், தென்னங்கள் எங்கள் தாலுகாவிலிருந்து வண்டி வண்டியாக மற்ற மாவட்டங்களுக்குப் போகிறது. பனை ஏற ஆள் கிடைப்பதும் குறைந்துவிட்டது. அப்பாவைக் குறை சொல்ல முடியவில்லை, அன்றைக்கு நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலாவது பனை தப்பியது, கிணற்றுச் சுவரை ஒட்டி நின்றதால்தான். வெட்டினால் சுவர் போய்விடும்.

வைகாசிக் கடைசியில் குருவிகள் வழக்கம்போல வந்தன. பனையில் கள் இறக்குவது நிற்கவும் குருவி வரவும் எப்போதும் சரியாக இருக்கும். நாலு மரத்தை எதிர்பார்த்து வந்தவற்றுக்கு ஒரு மரம்தான் இருந்தது. முதல் வாரத்தில் வந்த ஆண்கள் அதைப் பிடித்துக்கொண்டன. ஓலை நுனிக்கு நுனி சண்டை, ஒன்று கட்டியதை இன்னொன்று பிய்த்துக்கொண்டு போவதையும் பார்த்தேன். பிந்தி வந்தவை பக்கத்துத் தென்னைக்குப் போயின. இன்னும் சில கொட்டகைக்கு வரும் சர்வீஸ் ஒயருக்குப் போயின. ஆனி முடியும்போது கணக்கு இப்படி இருந்தது: பனையில் 14, தென்னையில் 11, ஒயரில் 4.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, கூடு எப்படி உருவாகிறது என்பதைச் சொல்ல வேண்டும். கட்டுவது ஆண். ஒரு நெல் தாளின் அடிப்பக்கம் உட்கார்ந்து ஓரத்தில் அலகால் ஒரு வெட்டு வெட்டும், வெட்டிய முனையைக் கவ்விக்கொண்டு அப்படியே மேலே பறக்கும். சர்ரென்று ஒரு கீற்று உரிந்து அதன் கூடவே போகும், குருவியைவிட இரண்டு மூன்று மடங்கு நீளத்துக்கு. பறக்கிற வேகமே அதற்குக் கத்தி. புல் வகை இலைகளில் நரம்புகள் ஒன்றையொன்று வெட்டாமல் நீளவாக்கில் ஓடுவதால்தான் இப்படி உரிக்க முடிகிறது, மா இலையில் இந்த வேலை நடக்காது. பிறகு ஓலை நுனிக்கு வந்து கீற்றின் ஒரு முனையைக் காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை அலகால் சுற்றிக் கொண்டுவந்து சொருகி இழுக்கும். விட்டுவிட்டு மறுபக்கம் போய் அதே முனையைக் கவ்வி மறுபடி இழுக்கும். நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு முடிச்சுக்கு ஏழு தடவை அப்படிப் போய் வந்தது. இப்படி ஒரு கூட்டுக்கு 500 தடவை வரை கீற்று சுமந்து பறக்கும். மொத்தக் கூடும் முடிய 18 நாள் ஆகும் என்றால் அதில் முதல் 8 நாள் தலைக்கவசம் மாதிரி கவிழ்ந்த பாதிக் கூட்டுக்கே போய்விடும்.

அந்தப் பாதிக் கூட்டில் தொங்கிக்கொண்டு இறக்கையை அடித்துக் கத்தி ஆண் அழைக்கும். பெண் வந்து உள்ளே புகுந்து, இழுத்துப் பார்த்து, பிடித்தால் இருக்கும், பிடிக்காவிட்டால் போய்விடும். பெண் ஒப்புக்கொண்ட பிறகுதான் முட்டை அறையும் கீழ்நோக்கிய நீளக் குழாயும் வரும். பெண் அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். இந்த ஒழுங்கை முதன்முதலில் தெளிவாகக் கண்டு எழுதியவர் பறவையியலாளர் சலீம் அலி. இன்றைய மகாராஷ்டிரத்தின் கடலோரக் கிராமமான கிஹிமில் 1930-இல் ஒரு கூட்டத்தையே பார்த்துக் கிடந்து கண்டுபிடித்தது அது. பெண்கள் எதை வைத்துக் கூட்டைத் தேர்ந்தெடுக்கின்றன என்று பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, நெசவின் அழகைவிடக் கூடு தொங்கும் இடமே அவற்றுக்கு முக்கியம் என்று தெரியவந்தது. எங்கள் கிணற்று மேட்டில் நடந்ததைப் பார்த்த பிறகு அந்தப் பெண்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

சரி, விழுந்த கூடுகளுக்கு வருவோம். முடிச்சு அவிழ்ந்துதான் விழுந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிந்தி வந்தவை அனுபவமில்லாத இளம் ஆண்களாக இருக்கலாம், கட்டு சரியில்லை போலிருக்கிறது என்று. திண்ணையில் 8 கூட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒரு முடிச்சுகூட அவிழ்ந்திருக்கவில்லை. எல்லாக் கூட்டின் தலைமாட்டிலும் தென்னங்கீற்றின் நுனி இன்னும் இறுக்கமாகப் பின்னப்பட்டே இருந்தது. கிழிந்தது கீற்று. நீளவாக்கில், நார் நாராக, கையால் கிழித்தது போல நேராக. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். குருவி நெல் தாளை எப்படி உரிக்கிறதோ அதே மாதிரி காற்று தென்னங்கீற்றை உரித்திருக்கிறது. கூடு கட்ட உதவும் அதே நேர் நரம்பு, கூட்டைத் தாங்க வேண்டிய இடத்தில் கைவிட்டுவிட்டது.

பனை ஓலையும் அதே குடும்பம்தான், அதன் நரம்பும் நேராகத்தான் ஓடுகிறது. ஆனால் அது விசிறி. மடிப்பு மடிப்பாகப் பாதி தூரம் ஒட்டியிருந்து நுனியில் மட்டும் பிரிகிறது. தென்னை மட்டையோ இரண்டு ஆள் நீளத்துக்கு நீண்டு தொங்குவது, காற்றுக்கு முழுசாக ஆடுவது. கீற்றுகள் அதில் தனித்தனியாகத் தொங்குகின்றன. எங்கள் பக்கத்தில் பல வருஷம் பனை ஏறிய அண்ணன் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, பனையில கட்டுனது மட்டும் ஏன் உழுவறதில்ல?"

"தென்ன ஓல சீல மாதிரி கண்ணு, காத்து புடிச்சு இழுத்தா கிழிஞ்சுதான் போகும். பன ஓல மொறம் மாதிரி. குருவி ஒரு நுனியில கட்டாது, பாத்திருக்கியா? நாலஞ்சு நுனியச் சேத்துப் புடிச்சுக் கட்டும்."

நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்குச் சாயங்காலமே பைனாக்குலரை எடுத்துக்கொண்டு போனேன். அவர் சொன்னது சரி. கண்ணில் பட்ட 14 கூட்டில் 11-இல் தலைப்பின்னல் ஒரே நுனியில் இல்லை, மூன்று நாலு நுனிகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருந்தது. தென்னையிலும் சில கூடுகள் இரண்டு கீற்றைச் சேர்த்திருந்தன, ஆனால் அங்கே கீற்றுகளுக்கு இடையில் தூரம் அதிகம்.

ஓலை பாதிக் கதைதான், மீதி திசை. போனில் திசைகாட்டியை வைத்துக் குறித்தேன். பனையில் இருந்த 14 கூடும் கிழக்கு, வடகிழக்குப் பக்கம். மேற்கில் ஒன்றுகூட இல்லை. தண்டும் தலைக்கொண்டையும் காற்றை வாங்கிக்கொள்ள, கூடுகள் அதன் மறைவில் ஆடின. தூக்கணாங்குருவி பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கத்தையே தேர்ந்தெடுக்கும் என்பது பறவை ஆர்வலர்கள் இந்தியாவில் பல இடங்களில் கவனித்திருக்கும் விஷயம், தென்மேற்குப் பருவக்காற்றிலிருந்து மறைவு என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். கணவாய்க்குள் இருக்கும் எங்களுக்கு அதைக் கண்ணால் பார்ப்பது ரொம்பச் சுலபம். தென்னையில் இருந்த 11 கூடோ அத்தனையும் மேற்குப் பக்கம், காற்றுக்கு நேராக!

குருவி ஏமாந்துவிட்டதா? இந்தக் கேள்விதான் என்னை ரொம்ப நாள் குடைந்தது. பதில் தரையில் கிடந்தது. தென்னையின் கிழக்குப் பக்கம் எங்கள் மோட்டார் கொட்டகையும் சர்வீஸ் ஒயரும் இருக்கின்றன. மட்டை விழுந்து ஒயர் அறுந்துவிடும் என்று ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் அந்தப் பக்க மட்டைகளை நாங்களே கழித்துவிடுகிறோம். தாழ்ந்து தொங்கும் மட்டை மேற்கில் மட்டும்தான் மிச்சம். மறைவான பக்கத்தில் கட்ட ஓலையே இல்லை. ஆக, பனையை எடுத்ததும் நாங்கள், தென்னையில் சரியான பக்கத்தை எடுத்ததும் நாங்கள். குருவியின் அறிவில் ஒரு குறையும் இல்லை.

கூட்டைப் பிரித்துப் பார்த்ததில் கண்ட இன்னொன்று: உள்ளே, முட்டை அறைக்கு மேல் சுவரில், காய்ந்த மண் உருண்டைகள். விரல் நகம் அளவுக்கு, ஒன்றின் மேல் ஒன்றாக அப்பியது. ஒன்றைக் கிள்ளி எடுத்தால் உள்பக்கம் கீற்றின் அச்சு பதிந்திருந்தது, ஈரமாக இருந்தபோது அலகால் அழுத்தியிருக்கிறது. குருவி இதில் மின்மினிப் பூச்சியை ஒட்டி விளக்கு வைக்கும் என்று எங்கள் பக்கம் குழந்தைகளுக்குச் சொல்வோம். விளக்கு இல்லை. வாய்க்கால் ஓரத்துக் களிமண்ணையோ சாணியையோ பாதிக் கூடு நிலையிலேயே கொண்டுவந்து அப்புகிறது. வெறும் கீற்றால் ஆன கூடு காற்றில் பஞ்சு மாதிரி அலையாமல் இருக்க இந்தக் கனம் உதவும் என்பது ஒரு விளக்கம். விழுந்தவற்றில் மண் இருந்த கூடும் இருந்தது, மண்ணே இல்லாத கூடும் இருந்தது, அதனால் எங்கள் தோட்டத்தில் விழுந்ததற்கும் மண்ணுக்கும் முடிச்சுப் போட நான் துணியவில்லை. வாசலைக் கீழே வைத்த குழாய் மட்டும் சந்தேகமில்லாமல் வேலை செய்தது. மழை எந்தச் சாய்வில் அடித்தாலும் பனையில் இருந்த கூடுகளில் முட்டை அறை நனையவில்லை என்பதற்கு, அவற்றிலிருந்து பறந்துபோன குஞ்சுகளே சாட்சி. காக்கையும் அந்தக் குழாயில் தலையை விட முடியாமல் மேலே உட்கார்ந்து பிய்க்கப் பார்த்தது, கூட்டமே சேர்ந்து கத்தி விரட்டியது.

ஒயரில் கட்டியவற்றைப் பற்றிக் கொஞ்சம். வழுவழுப்பான ஒயரில் முடிச்சு நிற்காது, காற்றில் நழுவி நழுவி ஒயர் தாழ்ந்த நடுவிடத்துக்கு வந்துவிடும். இரண்டு கூடு அப்படி வந்து ஒன்றோடு ஒன்று மோதி ஆடி மூன்றாம் வாரத்தில் விழுந்தன. மற்ற இரண்டும் நின்றன. அவை இருந்த இடம், ஒயரைத் தாங்கு கம்பியோடு சேர்த்து டேப் சுற்றிக் கட்டிய முடிச்சுகள். ஓலை இல்லாத இடத்தில் ஓலை நுனி மாதிரி சொரசொரப்பாக இருந்த ஒரே இடத்தைத் தேடிப் பிடித்திருக்கின்றன அந்த இரண்டு ஆண்கள். (கம்பி பக்கத்தில் போய்ப் பார்க்கும் ஆசையில் யாரும் ஏணி வைக்க வேண்டாம். நான் கீழே நின்றுதான் பார்த்தேன்.)

இதே பனையில் வேறு ஒரு குடித்தனமும் உண்டு, பனை உழவாரன். கழிக்காமல் தொங்கும் காவோலையின் அடிப்பக்கத்தில், பஞ்சையும் சிறு இறகையும் எச்சிலால் ஒட்டி, உள்ளங்கையில் பாதிகூட வராத ஒரு கிண்ணம் வைக்கிறது. தூக்கணாங்குருவி காற்றோடு ஆடும்படி தொங்கவிடுகிறது, உழவாரன் அசையாமல் ஒட்டிவைக்கிறது. இரண்டு உபாயமும் ஒரே மரத்தில், இரண்டுக்கும் அந்த மரம்தான் வேண்டும். வெட்டிய மூன்று பனையிலும் காவோலை நிறைய இருந்தது என்பது இப்போது நினைவுக்கு வருகிறது.

ஆடி முடிந்தபோது மொத்தக் கணக்கு: தென்னையில் 11-இல் 9 விழுந்தன, ஒயரில் 4-இல் 2, பனையில் 14-இல் ஒன்று. பனையில் விழுந்த அந்த ஒன்று, நரைத்துக் காயத் தொடங்கியிருந்த அடி ஓலையில் கட்டியது, ஓலையோடு சேர்ந்து விழுந்தது. கூடு இழந்த ஆண்களில் சில மறுநாளே பாதிக் கூட்டைத் தொடங்கின, ஆவணியில் அவற்றில் நாலு முடிந்தன.

இதையெல்லாம் நோட்டோடு கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். "நெல்லத் திங்கற குருவிக்கு இத்தன கணக்கா" என்றார். வயலில் குஞ்சுக்குப் புழு பொறுக்கும் பெண்ணை அவருக்குக் காட்டினேன், பைனாக்குலரை வாங்கிப் பத்து நிமிஷம் கொடுக்கவே இல்லை. அதற்குப் பிறகு அவரே இரண்டு முடிவு எடுத்தார். ஒயரைத் தெற்குப் பக்கமாக மாற்றிப் போட விண்ணப்பம் கொடுத்து, பங்குனியில் மாற்றியாயிற்று. இந்த வருஷம் தென்னையின் கிழக்கு மட்டைகளைக் கழிக்கவில்லை, காய்ந்தவை தானாக விழட்டும் என்று விட்டோம், கொட்டகைத் தகரத்தில் ஒரு மட்டை விழுந்து நெளிந்தது, அவ்வளவுதான் நஷ்டம்.

இந்த வருஷக் கணக்கு: பனையில் 16, தென்னையின் கிழக்கில் 9, மேற்கில் 2, ஒயரில் ஒன்றுமில்லை. காற்று போன வருஷத்துக்குக் குறைவாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை, தகரம் அதே மாதிரிதான் தட்டியது. ஆடி முடிவில் விழுந்தவை மேற்கில் இருந்த இரண்டும், கிழக்கில் ஒன்றும். கீற்று என்னவோ அதே தென்னங்கீற்றுதான், கிழக்கில் விழுந்ததும் கீற்று கிழிந்துதான் விழுந்தது. ஆனால் மறைவு கிடைத்தால் தென்னையும் ஓரளவு தாங்குகிறது. பனை வைத்திருப்பவர்கள் வெட்டாமல் இருந்தால் நல்லது. வெட்டிவிட்டவர்கள் தென்னையின் கிழக்குப் பக்க மட்டைகளையாவது ஆனி முதல் புரட்டாசி வரை கழிக்காமல் விடுங்கள், பக்கத்தில் ஈச்சமரமோ கருவேலமோ இருந்தால் அதையும் விட்டு வையுங்கள், அதிலும் கட்டும்.

காலியான கூடுகளைப் பறித்து வீட்டில் மாட்டுகிறார்கள், அதையும் செய்யாதீர்கள். போன ஐப்பசியில் பனையில் இருந்த பழைய கூடு ஒன்றிலிருந்து சில்லைக் குருவிகள் தலையை நீட்டிக்கொண்டிருந்தன, அவை அதில் குடியேறிவிட்டிருந்தன.

மேற்கு வரப்பில் போன புரட்டாசியில் 40 பனங்கொட்டை ஊன்றினோம். அண்ணன்தான் குழியின் ஆழம் சொல்லிக்கொடுத்தார். பனை, மரமாகிக் காய்க்க 15 வருஷத்துக்கு மேலாகும். 27 முளைத்திருக்கின்றன. முதல் ஓலை ஒரு சாண் உயரத்தில் கத்தி மாதிரி நிற்கிறது, இன்னும் விசிறியாகப் பிரியவில்லை.